அரிசி உண்டு, பெயர் இல்லை

அரபு இலக்கணம் ஓத வரும் மாணவர்களுக்கு நாம் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுக்கும் பாகுபாடுகளுள் ஒன்று மஃரிஃபா, நகிரா என்பது. இன்னார் என்று சுட்டி அறியப்படுவது மஃரிஃபா. யாரோ ஒருவர் எனப் பொதுவாய் நிற்பது நகிரா. ‘ஸைது வந்தார்’ என்றால் முன்னது. ‘ஒரு மனிதன் வந்தான்’ என்றால் பின்னது. ஸர்ஃபு வகுப்பில் மற்றொன்றும் வரும். ‘அடித்தான்’ என்னும்போது அடித்தவன் தெரிகிறான். ‘அடிக்கப்பட்டான்’ என்னும்போது அவன் மறைந்துபோகிறான். அவ்வகை வினைக்கு ‘மஜ்ஹூல்’, அதாவது அறியப்படாதது, என்றே முன்னோர் பெயர் வைத்தனர். தமிழிலும் செயப்பாட்டுவினை உண்டு. தோன்றா எழுவாய் உண்டு. முப்பதாண்டுகளாக இவற்றைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்து வந்திருக்கிறோம். ஆயினும் ஓர் இனத்தையே மஃரிஃபாவிலிருந்து நகிராவாக்கிவிட முடியும் என்பதும், அரசுகளும் உலக சபைகளும் மஜ்ஹூல் வினையிலேயே பேசக் கற்றுக்கொண்டிருக்கின்றன என்பதும், அரக்கான் முஸ்லிம்களைப் பற்றி வெளிவந்தவற்றைத் தொடர்ந்து படித்தபோதுதான் நமக்குப் புலனாயின.

ரோஹிங்கியா மக்கள் பட்ட துன்பங்களைப் பட்டியலிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதைப் பலர் செய்திருக்கிறார்கள். அம்மக்களைக் குறித்து எழுதப்பட்ட, பேசப்பட்ட சில சொற்களை, ஒரு நூலை மதிப்பிடுவோர் அதன் நடையை எடுத்து ஆராய்வதுபோல் ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம். ஒரு சட்டம், ஒரு வாக்குமூலம், ஓர் அட்டை ஆகிய மூன்றும் நம்முன் இருக்கின்றன.

அதற்குமுன் ஒரு சொல். பர்மா நமக்கு அந்நிய பூமியன்று. நம் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் ரங்கூன் போய்வந்த பாட்டனார் ஒருவர் உண்டு. சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசல் இன்றும் அந்நகரில் நிற்கிறது. 1962இல் நெவின் ஆட்சியைக் கைப்பற்றி, வணிக நிலையங்களை அரசுடைமையாக்கி, 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாக் காசாக்கியபோது, கையில் ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்தவர்களின் மக்களும் பேரர்களும் இவ்வரிகளைப் படிக்கக்கூடும். அந்தப் பெரியவர்கள் ‘கலா’ என்றொரு சொல்லை அடிக்கடி கூறுவார்கள். மேற்கிலிருந்து வந்த கறுப்பன், ஒட்டாதவன், போகவேண்டியவன் என்பதெல்லாம் அந்த ஈரெழுத்தில் அடங்கும். செட்டியாரும் மரைக்காயரும் துறைமுகச் சுமைகூலியும் அந்த வசையில் ஒன்றாயினர். அதே சொல்தான் அரக்கானின் உழவர்மீதும் செம்படவர்மீதும் வீசப்பட்டது. பட்டப்பெயரிட்டு இழிப்பதைத் திருமறை விலக்கியிருப்பதை நாம் நல்லொழுக்கப் பாடமாகவே இதுகாறும் சொல்லி வந்தோம். அதிலே அரசியல் பாடமும் இருக்கிறது. நம்மவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: நம்மவர்களுக்குத் திரும்பிவர ஒரு கரை இருந்தது.

இனி அந்தச் சட்டத்தைப் பார்ப்போம். 1982ஆம் ஆண்டின் பர்மியக் குடியுரிமைச் சட்டம் எட்டு இனங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. கச்சின், கயா, கரேன், சின், பர்மன், மோன், ரக்கைன், ஷான் என்போர் அவர்கள். 1823ஆம் ஆண்டுக்கு முன்பே அந்நாட்டில் குடியேறியிருந்த பிற இனத்தாரும் குடிமக்களே என்று அது தாராளமாகக் கூறுகிறது. முதலாம் ஆங்கில-பர்மியப் போர் தொடங்கியது 1824இல். வெள்ளையரோடு வந்தவர்களை விலக்கவே இந்த எல்லைக்கோடு என்பது கருத்து. ஆனால் அடுத்த பிரிவிலேயே, எந்த இனம் தேசிய இனம், எது அன்று என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசு தன் கையில் எடுத்துக்கொள்கிறது. முதல் வாக்கியம் திறந்த கதவை இரண்டாவது வாக்கியம் சாத்திவிடுகிறது. வரலாறு சான்று சொன்னாலும், வரலாறு எது என்பதை அரசவை தீர்மானிக்கும்! பின்னர் 135 இனங்களைக் கொண்ட பட்டியல் வந்தது. அதில் ரோஹிங்கியா என்ற பெயர் இல்லை.

அப்பெயரே அண்மையில் புனைந்த கற்பனை என்று வாதிடுவோர் உளர். அவர்கள் 1799ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் பர்மிய நாட்டு மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை அவ்வாண்டு கல்கத்தாவின் ஆசியச் சங்க ஏட்டில் வெளியாயிற்று. அரக்கானில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் முகம்மதியர் தம்மை ‘ரூயிங்கா’ என்று அழைத்துக்கொள்வதை அவர் அதில் குறித்திருக்கிறார். சட்டம் கேட்கும் ஆண்டுக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முற்பட்ட குறிப்பு இது. அச்சொல்லுக்கு இன்றுள்ள அரசியல் பொருள் அன்றும் இருந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. எந்த இனத்தின் பெயர்தான் பிறந்த அன்றே முழுப்பொருளோடு பிறந்தது? ம்ராவுக் ஊ அரசவையில் பதினேழாம் நூற்றாண்டில் ஆலாவோல் என்னும் முஸ்லிம் புலவர் வங்காள மொழியில் ‘பத்மாவதி’ காவியம் பாடியதும், அந்நாட்டுப் பௌத்த மன்னர்கள் முஸ்லிம் பட்டங்களையும் சூடிப் பாரசீக எழுத்தில் நாணயம் அடித்ததும் அறிஞர் அறிந்தவை. அவ்வளவு தூரங்கூடப் போகவேண்டியதில்லை. 1961 முதல் சில ஆண்டுகள் பர்மிய அரசின் வானொலியே ரோஹிங்கியா மொழியில் நிகழ்ச்சி ஒலிபரப்பியது. அரக்கான் முஸ்லிமான சுல்தான் மஹ்மூத் ஊ நூவின் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்தார். வானொலியில் பேர் சொல்லி அழைத்தவர்களை இருபது ஆண்டு கழித்து யாரென்றே தெரியாது என்பது சட்டமொழியில் இருந்தாலும் பொய்சாட்சியேயாகும்.

இங்கே ஜனநாயகம் பற்றிய கேள்வி எழுகிறது. இராணுவ ஆட்சிதான் இந்த அநீதிகளுக்கெல்லாம் காரணம், தேர்தல் வந்தால் யாவும் சீராகும் என்று நம்பியவர்களில் நாமும் ஒருவர். நாம் மாணவராயிருந்த 1991இல் ஆங் சான் சூகீக்கு நோபல் பரிசு கிடைத்தபோது விடுதியில் அதைப் பற்றிப் பேசிப் பேசி இரவு கழிந்தது நினைவிருக்கிறது. நடந்ததோ வேறு. வெள்ளை அட்டை என்று சொல்லப்பட்ட தற்காலிகப் பதிவுச் சீட்டை வைத்துக்கொண்டு, தளபதிகள் நடத்திய 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் அரக்கான் முஸ்லிம்கள் வாக்களித்தனர். நாடே கொண்டாடிய 2015 நவம்பர்த் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு அந்த அட்டைகள் செல்லாதவையாக்கப்பட்டன. இராணுவத்தின் தேர்தலில் இருந்த வாக்கு மக்களின் தேர்தலில் பறிபோயிற்று! ரோஹிங்கியா இனத்தவரான உறுப்பினர் ஷ்வே மாவுங் 2010இல் வென்று ஐந்தாண்டு நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். அவருடைய பெற்றோர் குடிமக்கள் அல்லர் என்று காரணம் கூறி 2015இல் அவர் வேட்புமனு தள்ளப்பட்டது. சூகீயின் கட்சி அத்தேர்தலில் ஒரு முஸ்லிமைக்கூட வேட்பாளராக நிறுத்தவில்லை. வென்ற நாடாளுமன்றத்தில் ஒரு முஸ்லிமும் இல்லை.

இதன் சூட்சுமம் என்ன? சர்வாதிகாரிக்கு மக்களின் காழ்ப்பு தேவைப்படும்போது பயன்படும் கருவி. வாக்குக் கேட்பவருக்கோ அது அன்றாடம் அஞ்சவேண்டிய எசமானன். ‘மா ப தா’ என்ற பிக்குகளின் அமைப்பு ஊர் ஊராகச் சென்று இனம் காக்க, மதம் காக்க என்று முழங்கியது. கலப்பு மணத்தையும் மதமாற்றத்தையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் 2015இல் நிறைவேறின. அந்த முழக்கத்தின் முன் ஒரு முஸ்லிம் வேட்பாளரை நிறுத்தினால் நூறு தொகுதி போய்விடும் என்று கட்சியார் கணக்கிட்டிருக்கலாம். தலைகளை எண்ணுவது ஜனநாயகம் என்கிறோம். எது தலை, எது தலையன்று என்பதைக் காழ்ப்பு முன்னதாகவே எண்ணிவைத்துவிட்டால் வாக்குப்பெட்டி என்ன செய்யும்? இது உவமையன்று. 2014இல் நடந்த குடிக்கணக்கில் அவரவர் இனத்தை அவரவரே சொல்லலாம் என்று முதலில் வாக்களித்தார்கள். கணக்குத் தொடங்கும் தறுவாயில், ரோஹிங்கியா என்று சொல்பவரைப் பதியமாட்டோம் என்றார்கள். கணக்கெடுப்போர் வாசலில் நின்று இனம் கேட்டனர். அச்சொல் காதில் விழுந்ததும் ஏட்டை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயினர். அரக்கானில் ஏறத்தாழ 10 இலட்சத்து 90 ஆயிரம் பேர் எண்ணப்படாமல் விடப்பட்டனர் என்பது அந்த அரசின் மதிப்பீடே. அக்கணக்கெடுப்புக்குப் பணமும் அறிவுரையும் அளித்தது ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம். உதவிக்கும் காழ்ப்புக்கும் உள்ள உறவை இதற்குமேல் விளக்க வேண்டுமா?

அடுத்தது வாக்குமூலம். 2017 ஆகஸ்டு 25 அன்று ஆர்சா என்ற ஆயுதக் குழு காவல் நிலையங்களைத் தாக்கியது. அதைக் காரணம் காட்டி இராணுவம் கிராமங்களுக்குத் தீயிட்டது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாஃப் ஆற்றைக் கடந்து வங்காளதேசம் புகுந்தனர். 2019 நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு நாடான காம்பியா, இது இன அழிப்பு என்று பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. எண்ணெய் வளமுள்ள பெரிய முஸ்லிம் நாடுகள் பல இருக்க, அந்த ஏழை நாட்டின் சட்ட அமைச்சர் அபூபக்கர் தம்பாது காக்ஸ் பஜார் முகாம்களை நேரில் கண்டு வந்து இதைச் செய்தார். பெரியவர்கள் அதற்கு ஆதரவுத் தீர்மானம் போட்டுக்கொடுத்தார்கள்!

டிசம்பர் 11 அன்று தி ஹேக் நகரில் சூகீ தாமே எழுந்து தம் நாட்டுக்காக வாதாடினார். அந்த உரையை நாம் எழுத்தில் பலமுறை படித்தோம். மொழி ஆசிரியர் என்ற முறையில் சொல்வதானால், நன்கு கட்டப்பட்ட உரைதான். இன அழிப்பு உடன்படிக்கையின் வரலாறு வருகிறது. பால்கன் நாடுகளின் வழக்கு வருகிறது. அரக்கானின் நிலைமை சிக்கலானது என்கிறார். சில இடங்களில் அளவுமீறிய பலம் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்றும் ஒப்புகிறார். யாரால்? பாதுகாப்புப் படையினரால் என்கிறார். ஆனால் யார்மீது? அந்த மக்களின் பெயர் சொல்லப்படவில்லை. ஆர்சா குழுவின் முழுப்பெயரைச் சொல்லும் இடந்தவிர, ரோஹிங்கியா என்ற சொல் அவ்வுரையில் எங்கும் இல்லை. எதிரே பார்வையாளர் இருக்கையில் அந்த இனத்தார் அமர்ந்திருந்தனர். ஆயுதம் ஏந்தியவனின் பெயராக மட்டும் வரவும், வீடிழந்த தாயின் பெயராக வராதிருக்கவும் ஒரு சொல்லை எவ்வளவு கவனத்தோடு கையாண்டிருக்கிறார் பாருங்கள். அச்சத்திலிருந்து விடுதலை பெறுவது பற்றி எழுதிப் புகழ்பெற்றவர், ஒரு சொல்லுக்கு அஞ்சினார். அவரை நாம் தீயவர் என்று சொல்லவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று அதே இராணுவம் அவரைக் கைது செய்தபோது நாம் வருந்தவே செய்தோம். ஆனால் அந்த உரை அவர் எழுத்துகளின் வரிசையில் என்றும் இருக்கும். அவரைப் படிப்பவர் அதையும் படிக்கவேண்டும்.

நீதிமன்றமோ 2020 ஜனவரி 23 அன்று இட்ட இடைக்கால ஆணையில், தம்மை ரோஹிங்கியா என்று அழைத்துக்கொள்ளும் மக்களையே அச்சொல்லால் தாம் குறிப்பதாக எழுதியது. பதினேழு நீதிபதிகளும் ஒருமனதாக இட்ட ஆணை அது. பர்மாவில் குற்றமாகிவிட்ட ஒரு பெயர் உலக நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறியது. இராணுவப் புரட்சிக்குப் பின் தலைமறைவில் அமைந்த தேசிய ஐக்கிய அரசும் 2021 ஜூனில் அப்பெயரைச் சொல்லி, 1982ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவதாக வாக்களித்தது. தாமும் வேட்டையாடப்பட்ட பிறகே அவர்களுக்கு அண்டை வீட்டாரின் பெயர் நாவில் வந்தது. 2024இல் இன்னொரு வேடிக்கை. குடிமக்களுக்கே உரிய கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த தளபதிகள், அரக்கான் முகாம்களிலிருந்த ரோஹிங்கியா இளைஞர்களையும் பிடித்துச் சென்றனர். வாக்களிக்கக் குடிமகன் அல்லன். சாவதற்கு மட்டும் குடிமகன்.

மூன்றாவதாக அட்டைக்கு வருவோம். வங்காளதேசம் ஏழை நாடு. சில மாதங்களில் ஏழு இலட்சம் பேருக்கு இடம் கொடுத்தது அது. நம்மைப்போல் தூரத்திலிருந்து எழுதுவோர் அதைக் குறைகூறுமுன் இரண்டு முறை யோசிக்கவேண்டும். ஆயினும் அங்கே வழங்கப்பட்ட அடையாள அட்டையில் அவர்களுக்கு இட்ட பெயர் ‘வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியன்மார் நாட்டவர்’ என்பது. மீண்டும் மஜ்ஹூல்! இடம்பெயர்த்தவர் யார்? தோன்றா எழுவாய். அகதி என்று சொன்னால் அகதியின் உரிமைகளைக் கொடுக்கவேண்டி வரும். ரோஹிங்கியா என்று சொன்னால் பர்மா முகம் சுளிக்கும். இரண்டையும் தவிர்க்க இத்தனை நீளமான தொடர். 2018 நவம்பரில் முகாம் மக்கள் கடையடைத்து, வேலைக்குப் போகாமல் இதனை எதிர்த்தனர். பசித்தவர்கள் அரிசிக்காகப் போராடுவதைக் கேட்டிருக்கிறோம். அரிசி பெறும் அட்டையில் தம் இனத்தின் பெயர் வேண்டும் என்று போராடினார்கள் இவர்கள்.

அரிசியைக் கொண்டே ஓர் இனத்தை நகர்த்தலாம் என்பதை அவர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். 1978இல் நாகமின் நடவடிக்கைக்குத் தப்பி ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வங்காளதேசம் வந்தனர். காக்ஸ் பஜாரில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கிளை அலுவலகத்துக்குத் தலைமை வகித்த ஆலன் லிண்ட்க்விஸ்ட் அடுத்த ஆண்டு ஓர் அறிக்கை எழுதினார். முகாம் வாழ்வு சுகமாயிருந்தால் அகதிகள் திரும்பிப் போகமாட்டார்கள் என்ற எண்ணத்தில் உணவளவு குறைவாக வைக்கப்பட்டதையும், சுமார் 10,000 பேர் முகாம்களில் மாண்டதையும், அவர்களில் மிகப் பலர் சிறுவர்கள் என்பதையும் அதில் எழுதியிருக்கிறார். தானியம் இல்லாமல் அல்ல, தானியம் கிடங்கில் இருக்கவே அவர்கள் மெலிந்தார்கள். உள்ளிருந்தே தம் நிறுவனத்தைக் குற்றஞ்சாட்டிய அந்த அறிக்கை, இவ்விஷயத்தில் நாம் படித்தவற்றுள் மிக நேர்மையான எழுத்து. அதில் செய்வினைகள் இருக்கின்றன, எழுவாய்கள் இருக்கின்றன.

நாற்பதாண்டு கழித்து 2019இல், குவாத்தமாலாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கெர்ட் ரோசெந்தால் ஐ.நா.வின் வேண்டுகோளின்படி அதன் பர்மியப் பணியை ஆராய்ந்தார். அமைப்பு முழுவதிலும் தோல்வி என்பது அவர் முடிவு. அரசைப் பகைத்துக்கொண்டால் உதவி வழங்க வழி அடைபடும் என்று ஒரு சாராரும், உரிமையைப் பேசாமல் உதவி வழங்கிப் பயனில்லை என்று மறு சாராரும் இழுக்க, காலம் போயிற்று. முதற்சாராரை நாம் எளிதில் ஏசிவிட முடியாது. மருந்துப் பெட்டியோடு வாசலில் நிற்பவன், உள்ளே விட ஒரு சொல்லை விழுங்கு என்றால் விழுங்கத்தான் செய்வான். ஆனால் விழுங்கிய சொல் உள்ளே போய் நஞ்சாகிறது. 

முகாமில் ஓர் ஆளுக்கு மாதம் 12 டாலர் உணவுப்படியாக இருந்தது. உலக உணவுத் திட்டம் நிதி இல்லையென்று 2023 மார்ச்சில் அதை 10 ஆக்கியது. ஜூனில் 8 ஆக்கியது. 2024இல் படிப்படியாக உயர்த்தி 12.50 வரை கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் இனி 6 டாலர்தான் என்று அறிவிப்பு வந்து, மாதம் முடியுமுன்னே 12 என்று மாறியது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்த காலம் அது. தொலைதூரத் தலைநகர் ஒன்றின் தேர்தல் முடிவு, குதுபாலோங் முகாமின் உலைப்பானையில் எத்தனை பிடி அரிசி என்பதைத் தீர்மானிக்கிறது. அங்கே வாக்களித்தவருக்கு இவர்களைத் தெரியாது. ஆசிரியர் முஹிபுல்லா 2019 ஜூலையில் வெள்ளை மாளிகையில் அதிபர் முன் நின்று, தாம் வங்காளதேச முகாமிலிருந்து வரும் ரோஹிங்கியா என்று சொன்னபோது, அது எங்கே இருக்கிறது என்றுதான் அதிபர் கேட்டார்.

அந்த முஹிபுல்லாவைப் பற்றி இரண்டொரு சொல். குடிசை குடிசையாகச் சென்று கொல்லப்பட்டோரின் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றைக் கையால் எழுதித் தொகுத்தவர் அவர். நகிராவாக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக மஃரிஃபாவாக்கும் வேலை. 2021 செப்டம்பர் 29 இரவு முகாமிலுள்ள தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆர்சா குழுவினரே கொன்றதாக வங்காளதேசக் காவல்துறை குற்றஞ்சாட்டியது. 2017இல் அதே குழு அரக்கானின் இந்துக் கிராமத்தவரைக் கொன்றதென்று ஆம்னெஸ்டி இண்டர்நேஷனல் அறிவித்ததையும் இங்கே சொல்லவேண்டும். நம் இதழ்கள் சில இவற்றை எழுதத் தயங்கின. நம்மவர் என்பதற்காக வாய்மூடினால், சூகீயின் உரையைக் குறைகூற நமக்கு என்ன தகுதி?

தகுதி என்றதும் நம் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில், 2012க்குப் பிறகு வந்து தங்கிய ரோஹிங்கியாக் குடும்பங்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலானில், மாணவர் சிலரோடு அரிசி மூட்டையும் நோன்புக் கஞ்சிக்கான சாமானும் கொண்டுபோனோம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் தர்மம் பாழாகும் என்று வழியெல்லாம் பிள்ளைகளுக்குப் போதித்துக்கொண்டே போனோம். போய்ச் சேர்ந்ததும், பள்ளிவாசல் கணக்குக்காக ஒரு நோட்டில் தலைப்பிட்டோம்: ‘பர்மா அகதிகள்’. அதன்கீழ் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போட்டு, குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று குறித்தோம். வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் நோட்டை எட்டிப் பார்த்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவருடைய பேத்தி நல்ல தமிழில் கேட்டாள்: “தாதா பேரு எங்கே எழுதியிருக்கீங்கன்னு கேக்குறாங்க.”

நமக்கு நா எழவில்லை. எண்களை அடித்துவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதினோம். தலைப்பையும் அடித்தோம். பெரியவர் படிக்கட்டுமே என்று அரபு எழுத்தில் ‘ரோஹிங்கியா’ என எழுதினோம். அரபியில் ‘க’வின் வன்மை ஒலிக்கு எழுத்து இல்லையாதலால் வழக்கம்போல் ‘கைன்’ போட்டோம். அவர் பேனாவை வாங்கினார். நம் ‘கைனை’ அடித்துவிட்டு, உருதுக்காரர்கள் எழுதுவதுபோல் ‘காஃப்’ ஒன்றை இழுத்து, அதன் தலையில் இரண்டாவது கோட்டையும் போட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.